மூணு ஃபேன் கார்டு

தம்பி, அந்தப் பைய மடியில வச்சுக்கிடுங்க, நான் இப்படி ஓரமா உக்காந்துக்கிடுதேன். சங்கரன்கோவிலுக்கா? நானும் அங்கதான். நல்லதாப் போச்சு, பேச்சுத்துணைக்கு ஆளாச்சு. பைக்குள்ள லேப்டாப்போ? கம்ப்யூட்டர் வேலையா, சென்னையிலயா? நெனச்சேன். முகத்தப் பாத்தாலே தெரியுதுல்லா.

அப்ப ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதீங்க. ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கு. கல்யாண வீடியோ எடிட்டிங் பண்ணுத கம்ப்யூட்டர். படம் நிக்காம ஓட அதுக்கு கிராபிக்ஸ் கார்டு போடணும். கைல இருக்க காசுக்குப் புதுசாச் சின்னக் கார்டு ஒண்ணு வரும். அதே காசுக்கு செகண்ட் ஹேண்டுல பெரிய கார்டும் வரும். மூணு ஃபேன், லைட்டு எரியும், ஒரு முழம் நீளம். நீங்க எத வாங்குவீங்க?

கேட்டீங்களா. மொதல்ல எஸ்எம்பிஎஸ் எவ்வளவு தாங்கும்னு பாக்கணும் அண்ணாச்சிங்கீங்க. அவளும் இதத்தான் சொன்னா. அச்சு அசலா இதே வார்த்தை. எல்லாரும் கூடிப் பேசி வச்ச மாதிரில்லா இருக்கு. கார்டு வாங்கணும்னு சொன்னா கார்டப் பத்திப் பேசணும். பெட்டிக்குள்ள மூலையில கெடக்குற கரண்டு டப்பாவப் பத்தி ஏன் பேசணும்? மாடு வாங்கப் போறவன்கிட்ட தொழுவம் எத்தன அடின்னு கேக்க மாதிரி இருக்கு.

அவ யாருன்னா, என் வீட்டுக்காரி. இசக்கியம்மா. எனக்கு மாமா மக. பாவூர்சத்திரம் மார்க்கெட் ரோட்டுல 'கொம்பையா வீடியோஸ்'னு போர்டு பாத்திருப்பீங்க. அந்தக் கொம்பையா நான்தான். தென்காசிலேர்ந்து இந்தப் பக்கம் சுரண்டை வரைக்கும் எந்த மண்டபத்துல போய் வேணும்னாலும் கேளுங்க, நம்ம பேர் தெரியும். தாலி கட்டுத நேரத்துல கூட்டத்த வெலக்கி, ஐயரையே கொஞ்சம் தள்ளி உக்காருங்க சாமின்னு சொல்லுத தைரியம் இந்தச் சுத்துவட்டாரத்துல நம்ம ஒருத்தனுக்குத்தான் உண்டு.

எடிட்டிங் அவ பாத்தா. நான் வெளி வேல, அவ உள் வேல. அவளுக்கு கம்ப்யூட்டர் கத்துக் குடுத்ததே நான்தான். சுவிட்ச் இது, மவுஸ் இதுன்னு காட்டிக் குடுத்தேன். பொறவு அவளாப் படம் பாத்து, போன்ல பாத்து, அங்க இங்க கேட்டு மீதியப் பிடிச்சுக்கிட்டா. ஆனா தொடக்கம் யாரு? நான்தானே. எங்களுக்குப் பிள்ளை இல்ல. அது வேற கதை, விடுங்க. கடைக்குப் பின்னால திரை போட்டு ஒரு மறைப்பு, அதுக்குள்ள கம்ப்யூட்டரு, அவ ஒரு சேரு. பகல் பூரா அதுல உக்காந்திருப்பா. நல்ல வேலைக்காரிதான், இல்லங்கல. என்ன ஒண்ணு, அவ செஞ்ச வேலைய நான் கஸ்டமர்கிட்டப் போட்டுக் காட்டி, 'எப்படிச் செஞ்சிருக்கேன் பாத்தீங்களா'ம்பேன். அதுக்கு முகத்த ஒரு மாதிரி வச்சுக்கிடுவா. கடை என் பேர்ல இருக்கு, நான் செஞ்சேன்னு சொல்லாம எதுத்த வீட்டுக்காரன் செஞ்சான்னா சொல்ல முடியும்? நீங்களே சொல்லுங்க.

இப்ப எல்லாரும் ஃபோர் கே கேக்கான். முன்னாடியெல்லாம் மாப்பிள்ளை பொண்ணு முகம் தெரிஞ்சாப் போதும். இப்ப பொண்ணு கண் இமைல ஒட்டுன மை வரைக்கும் தெரியணும். நான் புதுக் கேமரா வாங்கிட்டேன். கேமரா புதுசு, கம்ப்யூட்டர் பழசு. அது திணறுது. ஒரு இடத்த வெட்டிட்டு அடுத்த இடத்துக்குப் போகணும்னா படம் அப்படியே நின்னுரும். அவ எந்திரிச்சுப் போயி உலை வச்சுட்டு வந்தாலும் அதே இடத்துலதான் நிக்கும். இடுப்பு வலிக்கின்னா. கண்ணு எரியுதுன்னா. சரி, என்ன செய்யணும்னு கேட்டேன்.

ஆனி மாசக் கடைசி. போனக் கொண்டாந்து காட்டுனா. இந்தக் கார்டு போதும், இதுக்குத் தனியாக் கரண்டு ஒயர் வேண்டாம், நம்ம பெட்டிக்குள்ள அளவா உக்காரும், கேரண்டி இருக்குன்னு வரிசையாச் சொன்னா. பாத்தேன். எனக்குச் சிரிப்பு வந்துட்டு. இத்துனூண்டு இருக்கு. ஒத்த ஃபேன். சோப்பு டப்பா மாதிரி. இதப் போட்டா படம் ஓடுமாங்கேன். ஓடும்ங்கா.

ஆடியிலயே வாங்கணும்னு வேற ஒத்தக்கால்ல நின்னா. ஆடியில முகூர்த்தம் கிடையாது, கடை சும்மாதானே கெடக்கும், கார்ட மாட்டிட்டு நின்னு போன வேலையெல்லாம் முடிச்சிருதேன்னா. ஆடி மாசம் எவனாவது தொழிலுக்குப் புதுப்பொருள் வாங்குவானா தம்பி? உங்க சென்னையில வாங்குவான். அங்க ஆடி, ஆவணி எல்லாம் ஒண்ணுதான். எங்க அப்பா ஆடியில ஒரு வெளக்குமாறு வாங்குனதில்ல. நான் முடியவே முடியாதுன்னுட்டேன். அவ ஆடி பூரா அந்தத் திணறுத மெஷினோட மல்லுக்கட்டிக்கிட்டுக் கெடந்தா. பிடிவாதம்.

நான் என்ன சும்மாவா இருந்தேன்? நாலு பேர்கிட்ட விசாரிச்சேன். போட்டோகிராபர் சங்கத்துச் செயலாளர் தங்கப்பழம்னு ஒருத்தர் இருக்காரு, கடையத்துக்காரரு. அவரு கடைக்குப் போனாக் கண்ணக் கூசும். மெஷினுக்குக் கண்ணாடிக் கதவு. உள்ள மூணு ஃபேன் சுத்துது, செவப்பு பச்சை நீலம்னு லைட்டு மாறி மாறி எரியுது. ஆல்பம் பாக்க வந்த பொண்ணு வீட்டுக்காரங்க ஆல்பத்தப் பாக்காம அதத்தான் பாக்காங்க. தங்கப்பழம் சொன்னாரு, "வே கொம்பையா, தொழில் பண்ணுதவன் மெஷினப் பாத்துத்தான் கஸ்டமர் மதிப்பான். சின்னக் கார்டெல்லாம் வீட்டுல சீட்டு விளையாடுதவனுக்கு." எனக்கு மனசுல பட்டுன்னு ஒட்டிக்கிட்டு.

ஆவணி பொறந்துச்சு. திருநெல்வேலி ஜங்ஷன்ல ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரன் ரெண்டு கார்டையும் எடுத்து மேஜையில வச்சான். அவ கேட்ட சின்னது புதுசு. பெரியது செகண்ட் ஹேண்டு, ஆனா பளபளன்னு தொடைச்சு வச்சிருந்தான். ரெண்டையும் ரெண்டு கையில தூக்கிப் பாத்தேன். சின்னது கையில இருக்கதே தெரியல. பெரியது நல்ல கனம். அதே காசுக்கு எது கனமா இருக்கோ அதத்தானே வாங்குவோம்? காய் வாங்குனாலும் சரி, கட்டில் வாங்குனாலும் சரி. கடைக்காரன் உங்க மெஷின் எந்த வருஷம், எஸ்எம்பிஎஸ் என்ன, பெட்டிய ஒரு தடவ கொண்டாங்களேன்னு நச்சரிச்சான். எல்லாம் பெருசுதான்யான்னேன். வீட்டுல போன் போட்டுக் கேளுங்கன்னான். பொம்பளைகிட்டக் கேட்டுட்டு வாங்குத ஆளு மாதிரியா தெரியுதுன்னு ஒரு பார்வை பாத்தேன். அவன் பெரிய கார்டுக்குக் கரண்டு ஏத்த, ரெண்டு ஒயர ஒண்ணாச் சேக்குத ஒரு துண்டு ஒயரையும் உள்ள போட்டு, இது உங்க பொறுப்புன்னு சொல்லிக் கட்டிக் குடுத்துட்டான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆவணி முதல் வெள்ளி. பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிரும், அதுக்குள்ள மாட்டிரணும்னு காலையிலயே குளிச்சு, கார்டச் சாமி படத்துக்கு முன்னால வச்சு, சந்தனம் குங்குமம் இட்டு, சூடம் காட்டினேன். அவள வந்து கும்பிடுன்னேன். வந்தா. கார்டப் பாத்தா. கும்பிடல. உள்ள போயி அளவு டேப்ப எடுத்துட்டு வந்து கார்டுக்குப் பக்கத்துல வச்சுப் பாத்தா. நல்ல நாளும் அதுவுமா, சாமிக்கு முன்னால, நான் ஆசையா வாங்கிட்டு வந்த பொருள அளந்து பாக்கா. எனக்கு எப்படி இருக்கும்?

இது உள்ள நுழையாதுன்னா. நுழைஞ்சாலும் டப்பா தாங்காதுன்னா. நுழைய வைக்கேன் பாருன்னு பெட்டியத் தூக்கிக்கிட்டு எதுத்த கிரில் பட்டறைக்குப் போயிட்டேன். பெட்டிக்குள்ள ஹார்டு டிஸ்க் மாட்டுததுக்கு ஒரு தகரக் கூடு இருக்கும்லா, அதுதான் இடிக்குது. அத வெட்டி எறிஞ்சாக் கார்டு நேரா உக்காரும். பட்டறைக்காரரு தகரம் வெட்டுத மெஷின எடுத்துட்டாரு. இவ ரோட்டத் தாண்டி ஓடி வாரா. நாலு பேர் பாக்குற ரோடு, தலை கூட ஒழுங்கா முடியல. வந்து பெட்டி மேல கைய வச்சுக்கிட்டுச் சொல்லுதா:

"ஒரே ஒரு நாள் பொறுங்க. உள்ள சுரண்டைக்காரங்க கல்யாணம் இருக்கு. அத வேற டிஸ்க்ல எடுத்து வச்சுக்கிடுதேன். பொறவு வெட்டுங்க, ஒடைங்க, என்ன வேணாலும் செய்ங்க."

ஒரு நாள் பொறுத்தா மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமை எவனாவது புதுசா ஒண்ணு தொடங்குவானா? மணி பத்தாகப் போகுது. கையத் தட்டி விட்டுட்டு வெட்டச் சொன்னேன். டிஸ்க் ரெண்டையும் நானே கழத்தி எடுத்துக்கிட்டேன், அந்த அளவுக்கு எனக்கும் தெரியும். வெட்டி முடிச்சு, டிஸ்க் வைக்க இடம் இல்லாததுனால பூக்கட்டுத நூல வச்சு ஓரமாக் கட்டி நிறுத்தி, துண்டு ஒயரச் சொருகி, சுவிட்சப் போட்டேன். பத்தேகால் தான். ராகு காலத்துக்கு முன்னால முடிச்சுட்டேன்.

அந்த நிமிசத்த நீங்க பாத்திருக்கணும் தம்பி. மூணு ஃபேனும் சுத்துது. லைட்டு எரியுது. நான் திரையத் தூக்கி விட்டுட்டேன், ரோட்டுல போறவனெல்லாம் நின்னு பாக்கான். சங்கத்து வாட்ஸப்புல படம் போட்டேன், தங்கப்பழம் கைதட்டுத படம் அனுப்புனாரு. இவ மட்டும் சேர்ல உக்காரவே இல்ல, சொவத்தோரமா நிக்கா. உக்காந்து படத்த ஓட்டிக் காட்டுன்னேன். உக்காந்தா. படத்தத் தொறந்தா. மாலை மாத்துத இடம் ஓடுச்சு, நல்லாத்தான் ஓடுச்சு, நிக்காம ஓடுச்சு. நான் பாத்தியா பாத்தியான்னு சொல்லி வாய மூடல, பெட்டிக்குள்ள பட்டாசு வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். பொகை. எல்லாம் இருட்டு.

கரண்டு டப்பா போச்சு. போறது தனியாப் போகாம டிஸ்க் ரெண்டையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிட்டு. அவ கண்ணு பட்டுத்தான்னு எனக்கு இன்னைக்கும் ஒரு சந்தேகம் உண்டு. சொவத்தோரமா நின்னு வாய்க்குள்ள என்னத்தையோ முனங்கிட்டே இருந்தா.

கேமராவுல காப்பி இருக்காதான்னு கேக்கீங்க. அது எப்படி இருக்கும்? டிஸ்க்ல ஏத்துன ஒடனே கேமரா கார்ட அழிச்சுட்டு அடுத்த கல்யாணத்துக்குக் கெளம்பிருவோம். இன்னொரு டிஸ்க் வாங்கி எல்லாத்துக்கும் ஒரு காப்பி வைக்கணும்னு அவ முன்னாடியே சொல்லிக்கிட்டுத்தான் இருந்தா. அவ சொல்லுததெல்லாம் வாங்கணும்னா நான் கடைய வித்துத்தான் வாங்கணும்.

அதுல சுரண்டைக் கல்யாணம் இருந்துச்சு பாத்தீங்களா, அதுதான் பெரிய தலைவலி. மாரிக்கனின்னு ஒரு அக்கா. புருசன் இல்ல. காய்கறி வித்து ஒத்தப் பொம்பளையா மகளக் கட்டிக் குடுத்தவ. மாப்பிள்ளை துபாய்ல. கல்யாணம் முடிஞ்ச கையோட பொண்ணும் அங்க போயிட்டு. அந்த அக்காவுக்கு அந்த வீடியோ தான் மக. வாராவாரம் பாவூர்சத்திரம் சந்தைக்கு வரும்போதெல்லாம் கடைக்குள்ள தலைய நீட்டி, ஆயிட்டா தம்பின்னு கேட்டுட்டுப் போகும். எத்தன வாரம் ஒளிஞ்சுக்கிட முடியும்? ஒரு நாள் அண்ணன் தம்பிகளக் கூட்டிட்டு வந்து நடுக்கடையில உக்காந்துட்டு. வீடியோவத் தா, இல்லன்னா நடந்ததச் சொல்லுன்னு சத்தம். சந்தைக்கு வந்த சனமெல்லாம் கடை வாசல்ல கூடிட்டு.

அந்த நேரத்துல நான் என்ன சொல்ல முடியும் தம்பி? யோசிச்சுப் பாருங்க. கார்டு வாங்குனேன், தகரக் கூட்ட வெட்டுனேன், வெடிச்சுட்டுன்னு சொன்னா, கொம்பையாவுக்குத் தொழில் தெரியாதுன்னு ஆயிரும். பொறவு எவன் நம்பிக் கல்யாணத்தக் குடுப்பான்? அதனால சொன்னேன், "எம்பொண்டாட்டி கை தவறி அழிச்சுட்டாக்கா. பொம்பள புத்தி, என்ன செய்ய"ன்னு சொன்னேன். ஆம்பள மேல பழி வந்தாத் தொழிலே படுத்துரும். பொம்பள மேல வந்தா ரெண்டு நாள்ல மறந்துருவாங்க. இது அவளுக்கும் சேத்துத்தானே? கடை நின்னாத்தானே ரெண்டு பேரும் சாப்பிட முடியும்?

இவ திரைக்குப் பின்னாலதான் இருந்தா. திரைய வெலக்கிக்கிட்டு வெளிய வந்தா. நான் பயந்துட்டேன், எல்லாத்தையும் கொட்டிருவாளோன்னு. மாரிக்கனியக்கா அவளப் பாத்து, "நீயும் ஒரு பொம்பளதானேம்மா, ஒரு தாய் வயித்தெரிச்சல் ஒனக்குத் தெரியாதா"ன்னா. பொறவு, பிள்ளை பெத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்னு ஒரு வார்த்தையும் சொன்னா. வாசல்ல நின்ன சனம் எல்லாம் உச்சுக் கொட்டுச்சு. இவ ஒரு வார்த்தை மறுத்துப் பேசல. என் முகத்த ஒரு தடவ பாத்தா. பொறவு அந்த அக்கா கையப் பிடிச்சு, எப்படியாவது மீட்டுத் தாரேன் அக்கா, கொஞ்சம் டயம் குடுங்கன்னா. அவ்வளவுதான். மறுத்துப் பேசலன்னா என்ன அர்த்தம்? சம்மதம்னுதானே அர்த்தம்? புருசன விட்டுக் குடுக்காத பொம்பளன்னு எனக்குக் கூட அன்னைக்குப் பெருமையா இருந்துச்சு.

மறுநாள் விடிஞ்சு பாத்தா ஆளக் காணோம். செத்துப் போன டிஸ்க் ரெண்டையும் காணோம். அவ அக்கா சங்கரன்கோவில்ல இருக்கா, சகலைக்குத் தறி தொழில். அங்க போயிட்டா. கோவத்துல போயிருக்கா, நாலு நாள்ல வந்துருவான்னு நெனச்சேன். வரல. அவ அப்படித்தான், ஒரு வார்த்தையப் பிடிச்சுக்கிட்டா விட மாட்டா.

அங்க போயி என்ன செஞ்சான்னு கேளுங்க. மதுரையில யாரையோ பிடிச்சு டிஸ்க்க உயிர்ப்பிச்சிருக்கா. கையில கெடந்த வளையல் ரெண்டும் இப்ப இல்ல. நான் போட்ட வளையல், என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அக்கா மகன் காலேஜ் படிச்சப்போ வாங்குன பழைய கம்ப்யூட்டர் பரண்ல கெடந்திருக்கு. அத எறக்கி, அந்தச் சோப்பு டப்பா கார்ட வாங்கிப் போட்டு, சுரண்டைக் கல்யாணத்த முழுசா எடிட் பண்ணி, நேர மாரிக்கனியக்கா வீட்டுக்கே கொண்டு போய்க் குடுத்திருக்கா. அங்க போயும் வெடிச்ச கதையச் சொல்லல. நாந்தான் அழிச்சேன், நானே மீட்டுட்டேன்னு சொல்லிட்டு வந்திருக்கா. அந்த அக்கா தெருத்தெருவாச் சொல்லிருச்சு, இப்படி ஒரு வீடியோ இல்லன்னு. எனக்கு யாரும் ஒரு நன்றி சொல்லல. படம் பிடிச்சது யாரு? நான்தானே.

அதுக்குப் பொறவு நான் பட்ட பாடு நாய் படாது. புதுசா ஒரு கரண்டு டப்பாவும் டிஸ்க்கும் வாங்கி மாட்டினேன். அந்தச் சேர்ல நானே உக்காந்தேன். எங்க எதத் தொடணும்னு ஒண்ணும் வெளங்கல. ஒருநா பூரா உக்காந்து, மாப்பிள்ளை கார்லேர்ந்து எறங்குத இடத்தக் கூட வெட்டி முடிக்கல. இவ்வளவு வேலைய ஏன் அவ முன்னாடியே என்கிட்டச் சொல்லல? சிரமம்னு சொல்லியிருந்தா நான் ஒரு ஆளு வச்சுக் குடுத்திருப்பேன்ல.

தங்கப்பழத்துகிட்ட அழாத குறையாப் போய் நின்னேன். அவரு, நல்ல எடிட்டர் ஒண்ணு இருக்கு வே, டிஸ்க்க என்கிட்டத் தாரும், வாங்கித் தாரேன்னாரு. குடுத்தேன். வந்துச்சு பாருங்க வேல. அடடா. தாலி கட்டுத நேரத்துல மேளத்த மெல்லக் கொறச்சு, பொண்ணோட அப்பன் மூக்க உறிஞ்சுத சத்தம் ஒண்ண மட்டும் கேக்க வச்சிருந்தான். கஸ்டமர் கடையிலயே அழுதுட்டான். நான் சங்கத்துக் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு சொன்னேன், இதாம்யா எடிட்டரு, இந்த மாதிரி ஒருத்தன் எனக்கு மொதல்லயே கெடச்சிருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்னு. கூட்டத்துல ரெண்டு பேர் தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. ஏன்னு எனக்கு வெளங்கல.

பொறவு ஒரு நாள் அவசரமா ஒரு டிஸ்க் வேணும்னு தங்கப்பழத்துக்குப் போன் போட்டா, நான் எடிட்டர் வீட்டுலதான் இருக்கேன், நேர வாரும்னு விலாசம் சொல்லுதாரு. விலாசம் எங்க சகலை வீடு.

அடுத்த பஸ்ஸப் பிடிச்சு ஓடுனேன் தம்பி. மாடிக்குப் போனேன். மூணு நாலு பிளாஸ்டிக் சேரு. மூணு ஃபேன் வச்ச தங்கப்பழம் ஒரு சேர்ல உக்காந்து காத்துக்கிட்டு இருக்காரு. ஒம்ம மெஷின் என்ன ஆச்சு வேன்னு கேட்டா, எம்மவன் கேம் விளையாடுதாங்காரு, கூச்சமே இல்லாம. இவ கம்ப்யூட்டருக்கு முன்னால இருந்தா. திரும்பி என்னப் பாத்தா. என்ன சொன்னா தெரியுமா?

"வாங்க சார். உக்காருங்க."

சார். பொறந்ததுலேர்ந்து அத்தான்னு கூப்பிட்ட வாயி. கட்டுன புருசனப் பாத்து, இன்னொரு ஸ்டூடியோக்காரன் முன்னால, சார்ங்கா. என்கிட்டயும் காசு வாங்கியிருக்கா, இத்தன மாசமா, மத்தவனுக்கு என்ன ரேட்டோ அதே ரேட்டு. பொண்டாட்டி புருசனுக்கு பில் போட்டதா எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?

தங்கப்பழம் எந்திரிச்சுப் போனாரு. பொறவு பணிஞ்சுதான் பேசினேன். வீட்டுக்கு வா, நீ கேட்ட சின்னக் கார்டே வாங்கித் தாரேன், அந்தப் பெரியத வித்துருதேன், இன்னொரு டிஸ்க்கும் வாங்கித் தாரேன்னேன். வேறென்ன செய்யணும் ஒரு மனுசன்? நான் எங்க வீட்டுல ஒருத்தர்கிட்டயும் இப்படி எறங்கிப் பேசுனதில்ல. அவ கை நிக்கவே இல்ல, வேலையப் பாத்துக்கிட்டே சொல்லுதா:

"கார்டு என்கிட்ட இருக்கு. நீங்க மாரிக்கனியக்காகிட்டப் போயி, இசக்கி அழிக்கல, என்னாலதான் போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. அன்னைக்கே மூட்டையக் கட்டிட்டு வந்துருதேன்."

அது நடந்து ரொம்ப நாளாச்சு. அதுலேர்ந்து டிஸ்க் குடுக்கப் போவேன், வாங்கப் போவேன். வாங்க சார், உக்காருங்க சார், தண்ணி குடிக்கீங்களா சார். வீட்டுல நான் ஒத்தையில பொங்கித் திங்கேன். ராத்திரி திரையத் தாண்டிப் போகும்போது அந்தச் சேர்ல யாரோ இருக்க மாதிரியே இருக்கு. அவ இல்லாம முடியல தம்பி, உங்ககிட்டச் சொல்லுததுக்கு என்ன வெக்கம். ஆனா அவளும் ஒரு படி எறங்கி வரணும்லா. அந்த அக்காவுக்கு வீடியோ கெடச்சுட்டு. அழிச்சது யாரா இருந்தா இப்ப என்ன? செத்த பாம்ப எதுக்கு மறுபடி அடிக்கணும்? நானும் போகக் கூடாதுன்னு இல்ல. இந்த பஸ்லதானே மாசத்துக்கு நாலு தடவ போறேன், சுரண்டை வழியாத்தான் போகுது. எறங்கணும் எறங்கணும்னுதான் ஒவ்வொரு தடவையும் நெனைக்கேன். டிக்கெட்ட சங்கரன்கோவிலுக்கு எடுத்துருதேன்.

இது சுரண்டை தான். டீ குடிக்க எறங்குவாங்க, நீங்க எறங்குதீங்களா? வேண்டாமா, சரி.

தம்பி, கொஞ்சம் முன்னால சாஞ்சு உக்காருங்க, என் முகம் மறையட்டும். அந்தா, காய்கறிச் சாக்கோட ஏறுதா பாருங்க, நீலச் சேலை. அவதான். மாரிக்கனியக்கா. இந்தப் பக்கம் பாக்காம இருந்தாச் சரி. பாத்துட்டா.

வாங்கக்கா, வாங்க. நல்லா இருக்கேன்க்கா. மக துபாய்லேர்ந்து பேசுதாளா? உண்டாயிருக்காளா, ரொம்ப சந்தோசம்க்கா. ஆமா, சங்கரன்கோவிலுக்குத்தான். அவளத்தான் பாக்கப் போறேன். என்னக்கா? ஐயய்யோ, அதெல்லாம் மனசுல வச்சுக்கிடலக்கா. என் பொண்டாட்டில்லா. அவ அழிச்சான்னு நீங்களே மன்னிச்சுட்டீங்க, நான் மன்னிக்க மாட்டனா? சரிக்கா, சொல்லுதேன்க்கா. முன்னால லேடீஸ் சீட்டு காலியா இருக்கு, சாக்க இங்கன வச்சுட்டுப் போய் உக்காருங்க. நான் பாத்துக்கிடுதேன்.

என்ன தம்பி அப்படிப் பாக்கீங்க? அவ பேசுனது காதுல விழுந்துதுல்லா. தெரியாம அழிச்ச பிள்ளையப் போயி இத்தன நாள் ஒதுக்கி வச்சிருக்கியே தம்பி, பாவம்லா, அன்னைக்குக் கோவத்துல நானும் பிள்ளை இல்லாதவளப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டேன், அது ராத்திரியெல்லாம் அறுக்குது, நான் மன்னிப்புக் கேட்டேன்னு அவகிட்டச் சொல்லுன்னு கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டுச் சொல்லுதா. அதுக்கு நான் என்ன சொல்லட்டும், கேட்டதுக்குப் பதில் சொன்னேன்.

வண்டிய எடுத்துட்டான். இனி எறங்கவும் முடியாது. அவ அந்தா நாலு சீட்டுக்கு முன்னாலதான் இருக்கா, எனக்குத் தெரியுது, நீங்க கையக் காட்டாதீங்க. ஒரே ஒரு வார்த்தைதான், நான் இல்லங்கல. ஆனா ஓடுத பஸ்ஸுல, இத்தன பேருக்கு முன்னால வச்சு, அத எப்படித் தம்பி சொல்ல முடியும்?